அறுத்த பழம்

பாஞ்சாலையிடம் ஒரு கத்தி இருந்தது. நல்ல கத்தி, வேலூரில் வாங்கியது, மரப்பிடி போட்டது. ஆரணி பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கூடைகளைப் பரப்பிப் பழம் விற்க ஆரம்பித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியும், அந்தக் கத்தியை அவள் ஒரு நாளும் கடையில் வெளியே எடுத்ததில்லை. எடுத்தால் அன்றோடு வியாபாரம் படுத்துவிடும்.

ஊர் வழக்கம் அப்படி. காலனிக்காரி விற்கிற பழத்தை ஊர்க்காரர்கள் தாராளமாக வாங்குவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும், சாமிக்கே படைக்கலாம். முழுப் பழத்துக்குத் தீட்டு கிடையாது, தோல் காப்பாற்றிவிடுமாம். ஆனால் அதே பழத்தில் அவள் கத்தி பட்டுவிட்டால் அது சோற்றோடு சேர்த்தி. அப்புறம் யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். தர்பூசணி உள்ளே சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா, பக்கத்துச் சோடாக் கடையில் கத்தி வாங்கி, பழம் வாங்குகிறவரேதான் கீறிப் பார்க்க வேண்டும். உருளாமல் பிடித்துக்கொள்வது மட்டும் பாஞ்சாலையின் வேலை. எவனாவது கோணல்மாணலாகக் குத்தி நல்ல பழத்தை நாசம் பண்ணும்போது அவளுக்கு வயிறு எரியும். பிடுங்கி ஒரே இழுப்பில் கீறிக் காட்டக் கை பரபரக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பழத்தைப் பிடித்திருப்பாள்.

இத்தனைக்கும் பழம் அறுப்பதில் அவளுக்கு நிகராக அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் வேலூரில் ஒரு டாக்டரம்மா பங்களாவில் ஐந்து வருஷம் சமையல்கட்டில் இருந்தவள். கோடை வந்துவிட்டால் அந்த அம்மா வாரத்துக்கு ஒரு முறை தோட்டத்தில் விருந்து வைப்பாள். நடு மேஜையில் பழத்தட்டு இருக்கும். கிர்ணிப்பழத்தைத் தாமரையாக விரிப்பதும், தர்பூசணியைக் கைப்பிடி வைத்த கூடையாகக் குடைவதும், மாம்பழத்தை நார் தெரியாமல் இதழ் இதழாக அடுக்குவதும் பாஞ்சாலை அங்கே கற்றது. வேலையை விட்டு வரும்போது டாக்டரம்மா அந்தப் பெரிய எனாமல் தட்டையே கொடுத்து அனுப்பினாள். வெள்ளைத் தட்டு, நீல விளிம்பு, இரண்டு கையாலும் பிடித்தால்தான் தூக்க முடியும். இந்தக் கதையைப் பாஞ்சாலை சொல்லாத ஆள் ஆரணியில் இல்லை. கேட்டவர்கள் "ஓஹோ" என்று சொல்லிவிட்டு ஒரு டஜன் முழுப் பழத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

எண்பத்திரண்டாம் வருஷம் சித்திரையில், அப்படி "ஓஹோ" போட்டவர்களில் ஒருத்திக்கு அவள் தேவைப்பட்டாள். ஆரணியை ஒட்டிய சேவூரில் பட்டு முதலாளி இராஜமாணிக்கத்தின் மனைவி கெங்கம்மாள். இருபது தறி ஓடுகிற வீடு. ஒரே மகள் தேவகிக்கு மெட்ராஸ் மாப்பிள்ளை அமைந்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் தாயார் தனகோடி, "எங்க மெட்ராஸ்ல இப்பல்லாம் நிச்சயதார்த்தத்துக்குப் பழத்தை அறுத்து அலங்காரம் பண்ணி நடுவுல வெக்கறாங்க" என்று பேச்சுவாக்கில் சொன்னாள். கெங்கம்மாள் சும்மா இருந்திருக்கலாம். "அதுக்கென்ன, எங்க ஊர்லயும் அப்படித்தான்" என்று சொல்லி வைத்தாள். வாய் பெருமை பேசிவிட்டது. அறுக்க ஆளைக் காணோம்.

ஒரு மத்தியானம் குடை பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நின்றாள்.

"ஏம் பாஞ்சால, வேலூர்ல பழம் அறுத்தேன், பூ பண்ணேன்னு சொல்லிகினு இருப்பியே, அது நெசமா, சும்மா வாய்ப்பேச்சா?"

"நெசந்தாம்மா. இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

கெங்கம்மாள் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நிச்சயம். கொல்லைப்புறமாக வந்து மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து செய்துகொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும். அவள் செய்தது வெளியே தெரியக் கூடாது. கூலி எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம்.

பாஞ்சாலைக்கு உள்ளே குபீரென்று ஒன்று எழுந்தது. சந்தோஷமா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு ஊர் வீட்டுக்காக அவள் கத்தி எடுக்கப்போகிறாள். அதுவும் மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து.

"செய்யறேம்மா. கூலி வேணாம். பழமும் என்னுது, தட்டும் என்னுது. நான் அறுத்ததை உங்க ஊட்டு ஆளுங்களும் துன்னணும். அதான் எனக்குக் கூலி. துன்னீங்கன்னா பழத்தோட காசைக் குடுங்க. துன்னலன்னா பழம் என்னுது, நான் தூக்கினு போயிடுவேன்."

கெங்கம்மாள் சிரித்தாள். "அட, இதுக்குப் போயி! துன்றோம்டி. ஜல்தியா வந்து சேரு."

அவ்வளவு சுலபமாகச் சொன்னபோதே பாஞ்சாலைக்குச் சந்தேகம் வந்தது. ஆனாலும் ஆசை யாரை விட்டது.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் அவள் புருஷன் அய்யனார், பழத்தையும் மரத்தூளில் பொதிந்த ஐஸ் பாளத்தையும் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொல்லையில் இறக்கிவிட்டு, வண்டியோடு முன்வாசல் தெருவுக்குப் போய்விட்டான். தாம்பாளம் தருகிறேன் என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. பித்தளையில் அவள் கை பட்டால் அப்புறம் புளி போட்டுத் தேய்க்கிற வேலை. அவளும் கேட்கவில்லை. எனாமல் தட்டைக் கழுவித் துடைத்து, ஐஸை உடைத்துப் பரப்பி, மேலே வாழை இலையை விரித்தாள். கத்தியைக் கல்லில் நாலு இழுப்பு இழுத்தாள்.

தேவகி நிச்சயத்துக்குக் கட்டப்போகிற புடவையைப் பாஞ்சாலை முன்பே பார்த்திருந்தாள். மகளுக்கென்று சொந்தத் தறியில் ஓட்டிய புடவை அது. கெங்கம்மாள் அதைத் தெருவுக்கே விரித்துக் காட்டியிருந்தாள். அரக்குச் சிவப்பு உடல், மாம்பழ மஞ்சளில் கோபுரக் கரை, உடல் முழுக்கப் பொட்டுப் பொட்டாக வெள்ளிச் சரிகைப் புட்டா. பாஞ்சாலை அதையே தட்டில் நெய்ய உட்கார்ந்தாள். தர்பூசணியை விதை நீக்கி மெல்லிசாகச் சீவி, ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற மாதிரி அடுக்கி உடல் போட்டாள். மாம்பழத்தை முக்கோணமாக நறுக்கி இரண்டு ஓரமும் கோபுரங்களை நிறுத்தினாள். கரைக்கும் உடலுக்கும் நடுவே கறுப்புத் திராட்சையில் ஒரு கோடு. நுங்கைச் சின்னச் சின்ன வட்டமாக வெட்டிச் சிவப்பின் மேல் புட்டா வைத்தாள். முந்திக்குக் கிர்ணிப்பழம், இதழ் இதழாக வரிசை. தர்பூசணி நேரமானால் தண்ணீர் விட்டுவிடும் என்பதால் அதைக் கடைசி அரை மணியில்தான் அறுத்தாள். கை ஒரு இடத்திலும் தயங்கவில்லை. பக்கத்தில் மாடு அசை போட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு அது வேலூர்த் தோட்டமாகவே இருந்தது.

மூன்றரை மணிக்குத் தேவகி புடவை கட்டிக்கொண்டு கொட்டகை வாசலுக்கு ஓடிவந்தாள். தட்டைப் பார்த்தவள் தன் முந்தானையைத் தூக்கிப் பிடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஐயையோ, இது என் பொடவை! எப்படி பாஞ்சால இப்பிடிப் பண்ணே?"

"நல்லா கீதா பாப்பா? ஒண்ணு எடுத்துத் துன்னு பாரேன். நீதான் மொதல்ல துன்னணும்."

தேவகியின் கை நீண்டது. சிவப்புக்கு மேல் ஒரு நொடி நின்றது. அப்புறம் ஓரமாகப் போய் ஒரு திராட்சையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. அறுக்காத பழம். தோல் மூடியது. நல்ல பெண்தான், கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. கைக்கு அப்படிப் பழக்கம்.

பாஞ்சாலை அந்தக் கோட்டில் இன்னொரு திராட்சையை வைத்து ஓட்டையை அடைத்தாள்.

நாலு மணிக்குத் தட்டு உள்ளே போனது. தூக்க வந்த உறவுக்காரர்கள் இரண்டு பேர் விளிம்பில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் கை வைத்தார்கள். பாஞ்சாலை அதையும் பார்த்துக்கொண்டு பின்கட்டுக் கதவோரம் நின்றாள். போகச் சொன்னார்கள். போகவில்லை. அவள் கூலி இன்னும் வரவில்லையே.

கதவிடுக்கு வழியாக நடுக்கூடம் தெரிந்தது. தட்டை வைத்த மாத்திரத்தில் மெட்ராஸ்காரர்கள் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். அந்தச் சந்தடியில் கெங்கம்மாள் பின்பக்கமாக நகர்ந்து, தன் நாத்தனார் முனியம்மாளின் காதில் பேசினாள். கதவுக்கு இந்தப் பக்கம் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"நம்மாளுங்க யாரும் அதுல கை வெக்கக் கூடாதுன்னு சொல்லிடு. அது சம்பந்திக்காரங்களுக்கு. அவங்களுக்கு இன்னா தெரியப்போவுது? நமக்கு வாழப்பழம் தனியா வெச்சிருக்கேன்."

துன்றோம்டி என்று சிரித்த சிரிப்பு இதற்குத்தானா?

உள்ளே தனகோடி ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடித் திறந்தாள். "அடடா, பொண்ணு கட்டிகினு இருக்கற பொடவையே தட்டுல இருக்குதே! யாருங்க பண்ணது?"

"வேலூர்லேருந்து ஓட்டல் மாஸ்டர் ஒருத்தரை வரவெச்சோங்க" என்றாள் கெங்கம்மாள், கண்ணைக்கூட இமைக்காமல்.

"அப்ப நீங்க வாயைத் தொறங்க சம்பந்தி. என் கையால மொதல் துண்டு உங்களுக்குத்தான்."

தனகோடியின் கையில் நல்ல சிவந்த துண்டு ஒன்று கெங்கம்மாளின் வாய்க்கு நேராக நின்றது. கூடமே பார்த்தது. கெங்கம்மாள் ஒரு அடி பின்னால் போனாள்.

"எனக்கு வேணாங்க. இன்னிக்கு வெள்ளிக்கெழமை. விரதம்."

"விரதத்துக்குப் பழந்தானேங்க சாப்புடுவாங்க?"

அவசரத்தில் சொன்ன பொய் இப்படிக் காலை வாரும் என்று யார் கண்டார்கள்? தனகோடி அந்தத் துண்டை முனியம்மாள் பக்கம் நீட்டினாள். "எனக்கும் விரதந்தாங்க" என்றாள் முனியம்மாள், கடித்த வாழைப்பழத்தை முந்தானைக்குள் மறைத்தபடி. இராஜமாணிக்கத்திடம் நீட்டினாள். தனக்குச் சர்க்கரை வியாதி என்றார் அவர். அவர் தட்டில் இரண்டு லட்டு இருந்தது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் கந்தசாமி சந்தேகப் பிராணி. அவர் எழுந்துவிட்டார்.

"இன்னாங்க இது? பொண்ணு ஊட்டுக்காரங்க ஒருத்தராச்சும் வாயில வெக்க மாட்டேன்றீங்க. எங்களை மட்டும் துன்னு துன்னுன்றீங்க. பையனை மயக்கறதுக்கு மருந்து கிருந்து வெச்சிட்டீங்களா?"

மாப்பிள்ளை ஜெயவேல் மூன்றாவது துண்டை மென்றுகொண்டிருந்தான். அப்படியே தாடையை நிறுத்திவிட்டான். மெட்ராஸ்காரர்கள் ஒவ்வொருவராகக் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள். தனகோடியின் முகம் கறுத்துப்போனது. கெங்கம்மாள் "ஐயோ அப்படியெல்லாம் இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஏன் தின்னவில்லை என்பதை மட்டும் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

பாஞ்சாலை எல்லாவற்றையும் பொறுத்திருப்பாள். கொட்டகையில் உட்கார வைத்ததை, தண்ணீர் தெளித்ததை, தன் வேலையை இல்லாத ஒரு ஓட்டல் மாஸ்டருக்குத் தூக்கிக் கொடுத்ததைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கியிருப்பாள். ஆனால் அவள் பழத்தில் மருந்தா? அந்த ஒரு வார்த்தை அவளைக் கதவைத் தள்ள வைத்தது.

அந்த வீட்டின் நடுக்கூடத்தில் அவள் கால் படுவது அதுதான் முதல் தடவை. இடுப்பில் கத்தி, கையெல்லாம் பழச்சாறு.

"மருந்தும் இல்ல மண்ணும் இல்ல" என்றாள். "ஓட்டல் மாஸ்டரும் இல்ல. நான் அறுத்த பழம் அது. நான் பாஞ்சால, பஸ் ஸ்டாண்டுல பழம் விக்கறவ. காலனிக்காரி. நான் அறுத்தா இவங்க துன்ன மாட்டாங்க. அதனாலதான் இந்த ஊட்ல இன்னிக்கு எல்லாருக்கும் விரதம்."

எல்லாரும் பார்க்கத் தட்டிலிருந்து ஒரு பெரிய துண்டை எடுத்துக் கடித்து மென்று விழுங்கினாள். மெட்ராஸ் கூட்டத்தில் ஒரு கிழவர் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார்; அதையும் அவள் பார்த்தாள்.

"அடிப்பாவி, வெளிய போடி" என்றாள் கெங்கம்மாள், அழுகிற குரலில்.

"போறேம்மா. இன்னா பேசினோம்? துன்னா காசு, துன்னலன்னா பழம் என்னுது. நீங்க துன்னல."

குனிந்து தட்டை இரண்டு கையாலும் தூக்கினாள். கோபுரக் கரை ஒரு பக்கம் குலைந்திருந்தது. மற்றபடி புடவை அப்படியே இருந்தது. கொல்லைப்பக்கம் திரும்பியவள் நின்றாள். அந்தத் தட்டோடு மறுபடியும் மாட்டுக் கொட்டகை வழியாகவா போவது? திரும்பி, உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே நடந்து, மாவிலைத் தோரணம் கட்டிய முன்வாசல் வழியாகத் தெருவுக்கு இறங்கினாள். ஜனம் இரண்டு பக்கமும் ஒதுங்கியது. பயத்தில் ஒதுங்கினார்களோ தீட்டில் ஒதுங்கினார்களோ, அவளுக்கு வழி கிடைத்தது.

தெருவில் வேப்ப மரத்தடியில் பேண்டு செட்டுக்காரர்கள் தண்ணீர்கூடக் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் தள்ளுவண்டியோடு அய்யனார். தட்டை அவர்கள் நடுவில் இறக்கி, "துன்னுங்க" என்றாள். கேள்வி கேட்காமல் தின்றார்கள். டிரம்பெட் ஊதுகிறவர் ஒருவர் நுங்குப் புட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் கலைக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தின்றார்.

"இன்னா காரியம் பண்ணிட்டே" என்றான் அய்யனார். "இனிமே ஊர்க்காரன் எவன் நம்மகிட்ட பழம் வாங்குவான்?"

"முழுசா வாங்காட்டி போவட்டும். நான் அறுத்தே விக்கறேன்."

சொன்னபடியே செய்தாள். மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் ஒரு பலகை போட்டு, ஐஸ் மேல் இலை விரித்து, அதே எனாமல் தட்டில் அறுத்த பழத்தை அடுக்கினாள். கத்தியைத் தட்டுக்கு முன்னால் எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்தாள். முதல் நாள் ஊர்க்காரர் ஒருவரும் வரவில்லை. பன்னிரண்டு வருஷமாக வாங்கியவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் மிஞ்சியதைக் காலனிப் பிள்ளைகள் தின்றார்கள். ராத்திரி அய்யனார் மிச்சமிருந்த சில்லறையைத் திரும்பத் திரும்ப எண்ணினான். அவளுக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனால் கத்தியை மறுபடியும் பைக்குள் போட மனசு வரவில்லை.

இரண்டாம் நாள் திருவண்ணாமலை பஸ் வந்து நின்றபோது ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது. "ரெண்டு துண்டு குடும்மா, நாக்கு வறண்டுபோச்சு." பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அவள் யார் என்று தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை, வெயில் அப்படி. அந்த ஒரு கைக்குப் பின்னால் பத்துக் கை நீண்டது. சோடாக் கடைக்கு வந்து கத்தி கேட்ட ஊர்க்காரர் ஒருவரிடம், "இங்க என் கத்திதாங்க. வேணும்னா வாங்குங்க, வேணாம்னா பேஜார் பண்ணாம போங்க" என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

சேவூர் வீட்டுச் செய்தியும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தது. தனகோடி ஒன்றும் ஊரைத் திருத்த வந்தவள் இல்லை. அவள் வீட்டிலும் வேலைக்காரிக்குத் தனி டம்ளர்தான். ஆனால் நீங்கள் தின்னாததை எங்களுக்கு எப்படிப் போடலாம் என்ற கோபம் அவளுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. தாம்பூலத் தட்டு மாற்றாமலேயே எழுந்துவிட்டாளாம். போகும்போது ஒரு நிபந்தனை போட்டாளாம். வைகாசியில் கல்யாணம் நடக்க வேண்டுமென்றால், அதே கை அறுத்த அதே தட்டு நடுவில் இருக்க வேண்டும். பெண் வீட்டார் எல்லார் முன்னாலும் முதலில் தின்ன வேண்டும். அப்புறம்தான் தாலி.

ஐந்தாம் நாள் உச்சி வேளையில் அந்தக் குடை மறுபடியும் வந்தது. கெங்கம்மாள் பலகைக்கு முன்னால் நின்றாள். நாலு நாளில் முகம் வாடியிருந்தது. சோடாக் கடைக்காரர் பாட்டிலைத் திறப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"பாஞ்சால, வைகாசி பத்தாந் தேதி கல்யாணம். நீதான் வந்து பழம் அறுக்கணும். பழசை எல்லாம் மனசுல வெச்சிக்காத."

பாஞ்சாலைக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. மறுகணம் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது.

"வரேம்மா. கூலி?"

"நீ கேக்கறதைத் தரேன்."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க."

பாஞ்சாலை ஒரு முழுத் தர்பூசணியை எடுத்துப் பலகையில் வைத்தாள். யாரும் பிடித்துக்கொள்ளத் தேவைப்படவில்லை. ஒரே இழுப்பு. பழம் இரண்டாகப் பிளந்து சிவப்பு தெரிந்தது. நடுவிலிருந்து ஒரு கீற்றை அறுத்து, கத்தியை வைத்துவிட்டு, வெறும் கையால் எடுத்து நீட்டினாள்.

"முதல்ல இந்தக் கூலியக் குடுங்க."

கெங்கம்மாள் நாலு பக்கமும் பார்த்தாள். நிழலில் நின்றிருந்த ஜனம், பஸ் ஜன்னல்கள், சோடாக் கடை, எல்லாம் அவளையே பார்த்தன. குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொள்ளப் போனாள்.

"குடையை மடக்கிட்டுத் துன்னுங்கம்மா" என்றாள் பாஞ்சாலை.

குடை மடங்கியது. கெங்கம்மாள் கீற்றை வாங்கிக்கொண்டாள். நுனியை மட்டும் கடித்தாள். பாஞ்சாலை பார்த்துக்கொண்டே நின்றாள். இன்னொரு கடி. சாறு முழங்கை வரை வழிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தாலும் தோல் வரை தின்று முடித்தாள். மகள் கல்யாணம் அவளுக்கு அவ்வளவு முக்கியம்.

தோலைக் கீழே போட்டுவிட்டு, பாஞ்சாலையின் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்: "கல்யாணத்தன்னிக்கு எத்தினி மணிக்கு வருவே?"

"காலைல ஆறு மணிக்கு வந்துடுவேம்மா" என்றாள் பாஞ்சாலை, கத்தியைத் துடைத்துக்கொண்டே. "முன்வாசலைத் தொறந்து வெக்கச் சொல்லுங்க."